கேஸ் ஷீட்டோடு அரியலூர் வரை

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், அணை, மலை என்றுதான் எழுதியிருக்கிறேன். இது வேறு மாதிரிப் பயணம். சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, அரும்பாவூரிலிருந்து அரியலூர் போய்வந்தோம். இதே காரணத்துக்காகப் போகவேண்டியவர்கள் எங்காவது இருப்பார்கள். அவர்களுக்கு வழி சொல்ல ஆள் இருக்காது என்பதால் எழுதுகிறேன்.

என் பக்கத்து வீட்டுக்காரர் செந்தில். அவர் மனைவி கலைச்செல்வி தலைப்பிரசவத்துக்காகத் தா.பழூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். பெண் குழந்தை; பிறந்து முக்கால் மணி நேரத்தில் இறந்துவிட்டது. எந்த மருத்துவமனை, எந்த ஊர் என்று எழுதமாட்டேன், விசாரணை முடியவில்லை. இப்படி ஒரு குழந்தை இறந்தால் ஏன் என்று மருத்துவமனை ஆராயவேண்டும். பிறகு மாவட்ட அளவில் ஒரு கூட்டம் நடக்கும். சில பெற்றோரையும் அழைத்துக் கேட்பார்கள். இவர்களுக்கு வந்த அழைப்பு, செவிலியர் போனில் சொன்ன இரண்டு வரிதான். கடிதம் இல்லை. என் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது.

காலை 7.10க்குக் கிளம்பும்போது செந்திலின் அம்மா வாசலுக்கு வந்தார். "அங்க போயி என்னத்த சொல்லப் போறீங்க? வலி வந்தும் இவ வூட்லயே உக்காந்திருந்தான்னு ஆஸ்பத்திரிலயே எழுதிட்டாங்கல்ல?" கலைச்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டார்.

டவுன் பஸ்ஸில் அவருக்குக் கட்டணம் இல்லை. எனக்கும் செந்திலுக்கும் தலா இருபது ரூபாய். பெரம்பலூரில் டீ குடித்துவிட்டு 8.40க்கு அரியலூர் பஸ் ஏறினோம். முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஆளுக்கு முப்பது ரூபாய். அரியலூர் நெருங்க நெருங்க முன்னால் சிமெண்ட் லாரிகள், பஸ் ஊர்ந்தது. ஊர்ந்ததும் நல்லதாயிற்று. செந்தில் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து வாங்கிய கேஸ் ஷீட் ஜெராக்ஸை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன்.

அதில் ஒரு பக்கம், வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பு. பத்து மணி முதல் ஒன்றரை வரை, அரை மணிக்கு ஒன்றாக எட்டுப் பதிவுகள். 140, 142, 140, 144.

"எட்டுத் தடவயா?" என்றார் கலைச்செல்வி. "ரெண்டே தடவதான் சார் வந்து பாத்தாங்க. சேந்ததும் ஒருக்கா, கடைசில ஒருக்கா."

முப்பத்து மூன்று வருடம் பள்ளியில் வருகைப் பதிவேடு பார்த்தவன் நான். அன்றன்றைக்கு எழுதினால் ஒரு நாள் எழுத்து சாயும், ஒரு நாள் அவசரம் தெரியும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஐந்து நாளையும் ஒரே மூச்சில் நிரப்பினால் அச்சடித்தாற்போல் இருக்கும். ஒரு ஆசிரியர் அப்படி நிரப்பி, அம்மை போட்டு வீட்டில் கிடந்த பையனுக்கும் வாரம் முழுக்க வருகை போட்டிருந்தார். இந்தப் பக்கமும் அதே அழகில் இருந்தது.

"அந்த நேரத்துல நீ வார்டுல இல்லாம எங்கயாச்சும் போனியாம்மா?"

"ஸ்கேனுக்கு அனுப்புனாங்க சார், ரோட்டுக்கு எதிர்ல. பதினொண்ணே காலுக்குப் போயி, கூட்டத்துல நின்னு, பன்னெண்டுக்குத்தான் திரும்பினோம்."

கைப்பையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்தார். ஓரத்தில் நேரம் அச்சாகியிருந்தது: 11.32. கேஸ் ஷீட்டில் பதினொன்றரைக்கு, வார்டில், 144.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஸ்கேன் படத்தைக் கலர் ஜெராக்ஸ் எடுத்தோம். கலெக்டர் ஆபீசுக்கு ஆட்டோ நூறு ரூபாய். "மனு குடுக்கவா சார்? அது திங்கக்கிழமையாச்சே," என்றார் ஓட்டுநர். விஷயத்தைச் சொன்னோம். இறங்கும்போது எண்பது போதும் என்றார்.

பதினொரு மணிக்கு வரச்சொன்னவர்கள் 1.20க்குத்தான் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பெண் டாக்டர் ஒருவர்தான் தலைமை. "யாரையும் குத்தம் சொல்றதுக்காக இத நடத்தலம்மா. அடுத்த குழந்தை சாகக்கூடாது, அதுக்குத்தான்," என்றார். நல்ல நோக்கம்தான். ஆனால் அவர் முன்னாலிருந்த படிவத்தில் காரணம் என்ற கட்டம் ஏற்கெனவே டைப் அடித்து நிரம்பியிருந்தது: தாய் தாமதமாக வந்தார். பரீட்சை எழுதுமுன்பே மதிப்பெண் போட்ட விடைத்தாள்.

கலைச்செல்வி இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "பதினொன்ற மணிக்கு எம் புள்ள இதயத்த யாரு பாத்தாங்க மேடம்? நான் ரோட்டுக்கு அந்தாண்ட இருந்தேனே."

டாக்டர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "ஸ்கேன் ஒரிஜினல் வெச்சிருக்கீங்களா? குடுத்துட்டுப் போங்க."

"பாத்துட்டுக் குடுத்துருங்க மேடம். அவ மொகம் இதுல மட்டுந்தான் இருக்கு."

பிறகு டாக்டர் வற்புறுத்தவில்லை. அசலை ஜெராக்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். படிவத்தில் அந்த வரியை அடித்து, 'துடிப்புப் பதிவு நம்பும்படி இல்லை, மருத்துவமனையிடம் விளக்கம் கேட்க' என்று எழுதினார். பென்சிலால்.

என் பேனாவை நீட்டினேன். "மேடம், இதுல எழுதிடுங்களேன்."

ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை வாங்கி, அதே வரியை மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

3.05க்குத் திரும்பும் பஸ். பெரம்பலூரில் இறங்கும்போது, "அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்க சார்," என்றார் செந்தில்.

"வேண்டாம்," என்றார் கலைச்செல்வி. "அத்தகிட்ட நான் சொல்லிக்கறேன்."

போகவேண்டியவர்களுக்குச் சில வார்த்தைகள். கேஸ் ஷீட் நகலை முன்பே எழுதிக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஸ்கேன், பஸ் டிக்கெட் என்று நேரம் அச்சான எந்தத் துண்டுச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். அந்த எழுத்து மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். திருத்திய படிவத்தின் நகலைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். இதை எழுதும் இன்றுவரை வரவில்லை; நாளை மறுபடி கேட்கப் போகிறோம். பையில் ஒரு பேனா இருக்கட்டும். எதிரில் இருப்பவர் பென்சிலை எடுத்தால், கூச்சப்படாமல் நீட்டுங்கள்.