மில் வேகத்தில் ஒரு கிட்டார்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு சி.டி. பிளேயர் வந்தது. முதலில் எதைப் போட்டேன் என்கிறீர்கள்? பக்திப் பாட்டா? சினிமாவா? ம்ஹூம்! நாலு இங்கிலாந்துக்காரர்கள், ரெண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ்... எழுபதுகளில் வந்த ராக் ஆல்பம். என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்!

அந்த முதல் பாட்டு ஆரம்பிக்கிற அழகு இருக்கிறதே! ஒற்றைக் கிட்டார் கரகரவென்று தனியாக வரும். நிற்கும். மறுபடி வரும். இதோ டிரம்ஸ் விழப்போகிறது என்று காத்திருப்போம் — விழாது! நமக்குப் பொறுமை போகிற நேரம் பார்த்து, தடாலென்று எல்லாரும் சேர்ந்து இறங்குவார்கள். இத்தனை வருஷம் ஆகியும் புல்லரிக்கிறது.

கேட்டுக்கொண்டே சிரித்துவிட்டேன். காரணம், தாமஸ்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தோம். நான் ஆபீஸ், அவன் ஃபிட்டர். சர்ச்சில் கிட்டார் வாசிப்பான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த ஆல்பத்தைக் கேசட்டில் பதிந்து வாங்கி வந்தது நான், பைத்தியமானது அவன். நாலாவது பாட்டில் ஒரு கிட்டார் சோலோ... அழுகிற மாதிரி தொடங்கி, கடைசியில் சிறகடித்துப் பறக்கும். அந்த ஊர் மெல்லிசைக் குழுக்காரருக்கும் அது என்றால் உயிர். "அதை வாசிச்சுக் காட்டுங்க, உடனே சேத்துக்கிடுதேன்" என்று தாமஸிடம் சொல்லியிருந்தார். மேடையேறுவது அவனுடைய ஒரே கனவு.

எட்டு மாசம் மல்லுக்கட்டினான். விரல் நுனி வெடித்தது. அந்த வேகம் மட்டும் பிடிபடவே இல்லை.

ஒருநாள் கிட்டாரை உறைக்குள் போட்டுக் கட்டினான். "போதும்லே. நமக்கு ஸ்பானர்தான் லாயக்கு." எனக்கு மனசே ஆறவில்லை.

'வரவில்லை' என்று நேரில் சொல்லிவிட மறுநாள் காலை ரெண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். குழுக்காரர் வீட்டில் அதே ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது — இசைத்தட்டில். அதே சோலோ!

தாமஸ் வாசலிலேயே நின்றான். "சார்... ஏன் இம்புட்டு மெதுவா ஓடுது? பிளேயர் ரிப்பேரா?"

"மெதுவாவா? அதோட வேகமே இதாங்க!"

தாமஸ் என் பக்கம் திரும்பினான். "ஏலே... அந்தப் புல்லி!"

விஷயம் இதுதான். இந்தக் கேசட் வருவதற்கு முன்பே அவன் டேப் ரெக்கார்டரில் பெல்ட்டை ஓட்டுகிற குட்டிப் புல்லி உடைந்தபோது, மில் லேத்தில் அவனே ஒன்று கடைந்து மாட்டியிருந்தான். கொஞ்சம் பெரிசாக. அதற்குப் பிறகு எல்லாப் பாட்டும் துள்ளி ஓடியது. சந்தேகப்பட்டோமா? ரிப்பேர் பிரமாதம் என்று மெச்சிக்கொண்டோம்! புல்லியை மாற்றி மெஷின் வேகத்தைக் கூட்டினால் முதலாளி முதுகில் தட்டிக்கொடுக்கிற ஊர் ஆச்சே! பாடுகிறவர் குரல் கீச்சென்று கேட்டதற்கும், வெள்ளைக்காரன் தொண்டை அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

"சார், உங்க கிட்டாரைச் செத்த தாங்க" என்றான் தாமஸ்.

ஐயோ, என்ன வாசிப்பு! முதல் தடவை தட்டோடு சேர்ந்து, பிசிறில்லாமல். ரெண்டாம் தடவை அதைத் தாண்டி ஓடினான்! குழுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அந்த வாரமே அவன் மேடையேறிவிட்டான்.

நமக்கு வராது என்று நாம் மூட்டை கட்டி வைத்ததில் எத்தனை, தப்பான மெஷினைத் துரத்தி ஓடியதால் கைவிட்டதோ!

தாமஸ் அந்தப் புல்லியை இன்னும் மாற்றவில்லை. ஏன் என்றால், "அந்த வெள்ளைக்காரன் அடுத்த ஆல்பத்துல வேகத்தைக் கூட்டிட்டான்னா?" என்கிறான்.