பதினோரு வாட்ச் கட்டிய மாப்பிள்ளை

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். எட்டாம் வகுப்பிலேயே நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் சலித்துப்போய்ப் பிரிந்துவிட்டோம். ஆனால் நம் சங்கத்து ஆண்டு மலருக்கு எல்லாரும் வேலை அனுபவம் எழுதுகிறார்களாம். இன்ஜினியர் ஒருவர் கான்கிரீட் பற்றிப் பக்கம் பக்கமாகக் கொடுத்திருக்கிறார். அதைப் படித்துத் தூங்கிப்போகிறவர்களை எழுப்ப ஓர் ஆள் வேண்டாமா? நான் டிரைவர். ஹாரன் அடிப்பது என் தொழில்.

1. முதல் நாளே குற்றவாளி

ஏழு அரபு ஊர்கள் சேர்ந்து ஒரு நாடான புதிது. அந்த நாட்டின் அரசு வக்கீல் ஒருவருக்கு டிரைவர் வேண்டும் என்று, எனக்கு விசா கொடுத்த கஃபீல் என்னை அனுப்பினார். போலீஸ் பிடித்து வரும் ஆள் மேல் கோர்ட்டில் கேஸ் நடத்துகிறவர் அவர். கெய்ரோவில் சட்டம் படித்த உள்ளூர்க்காரர். முகத்தில் சிரிப்பு மட்டும் மாஃபி, கிடையவே கிடையாது. எல்லாரும் அவரை ‘முதீர்’ என்போம். மேலதிகாரி என்று அர்த்தம். என்னிடம் பாதி உருது, பாதி அரபியில் பேசுவார். இங்கே நான் அவரைத் தமிழ் பேச வைத்திருக்கிறேன். அதற்காகக் கேஸ் போட மாட்டார் என்று நம்புகிறேன்.

முதல் நாள் வண்டியை எடுத்ததும் பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"ஆட்டை எங்க வித்தே?"

பிரேக் மேல் ஏறி நின்றேன். "எந்த ஆடு முதீர்?"

"சுவர் ஏறிக் குதிச்சுத் தூக்கிட்டுப் போனியே, அந்த ஆடு. பதில் சொல்லு."

பிறகுதான் புரிந்தது. கோர்ட்டில் கேட்கப்போகும் கேள்விகளை வண்டியில் என்னிடம் கேட்டுப் பார்க்கிறார். போகிற வழியெல்லாம் நான்தான் குற்றவாளி. நான் சும்மா இருப்பேனா? "நான் தூக்கல முதீர், ஆடுதான் என் பின்னாடியே வந்துச்சு" என்று ஆரம்பிப்பேன். என் பொய்யை அவரால் உடைக்க முடியாவிட்டால், கோர்ட்டுக்குப் போய் அந்தக் கேஸ் தேறாது என்று அவரே சொல்லி ஆளை விடவைத்துவிடுவார். போலீஸ்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

2. தொப்பி வந்தது

அவரையே கொண்டுபோய் நாங்கள் இருந்த ஊர்ப் போலீஸுக்குத் தலைவராகப் போட்டார்கள். வெள்ளை அங்கி போய் யூனிபாரம் வந்தது. தொப்பி ஒரு சைஸ் பெரிசு. வேகமாகப் பிரேக் போட்டால் அது முன் சீட்டுக்கு வந்துவிடும். நானும் வாரத்தில் ஒரு தடவையாவது வரவழைத்துப் பார்ப்பேன்.

பதவி ஏற்றதும் ஆட்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார்: "நீங்க கொண்டுவந்த கேஸ்ல பாதி கோர்ட்டுல செத்துப்போச்சு. இனிமே சாகுறதெல்லாம் இங்கயே சாகட்டும். ஒருத்தனைப் பிடிச்சா முதல்ல என் முன்னாடி கேஸ் நடத்துங்க. பிடிச்சவன் ஒரு பக்கம் பேசணும். பிடிபட்டவனுக்காக இன்னொருத்தன் பேசணும்."

பிடிபட்டவனுக்காகப் பேச ஒரு போலீஸ்காரரும் வாயைத் திறக்கவில்லை. முதீர் வாசல் பக்கம் திரும்பினார். "யல்லா, டிரைவரைக் கூப்பிடு. அவன் பேசுவான்."

இப்படித்தான் எட்டாம் வகுப்பு வக்கீல் ஆனது.

3. மாரிமுத்து

மாரிமுத்து தொழிலாளர் கேம்ப்பில் என் ரூம்காரன், சைட்டில் கம்பி கட்டுகிறவன். மூன்று வருஷத்துக்கு அப்புறம் லீவ் கிடைத்து, கல்யாணம் பண்ணிக்கொள்ள ஊருக்குப் புறப்பட்டான். பம்பாய்க் கப்பல் அன்று மத்தியானம். அதை விட்டால் அடுத்த கப்பலில் போய்ச் சேர்வதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும். காலையில் அவனைத் துறைமுகத்தில் இறக்கி, "மாப்ளே, பொண்ணு உன்னைப் பாத்துட்டு ஓடிட்டா தந்தி அடி" என்று வாழ்த்திவிட்டு டூட்டிக்கு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவனே ஸ்டேஷனுக்கு வந்தான், துறைமுக சார்ஜென்ட்டின் பிடியில். சார்ஜென்ட் அவனுடைய சட்டைக் கைகளை மேலே சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வாட்ச். இரண்டு கையிலும் சேர்த்துப் பதினொன்று.

"போன வாரம் கடைவீதியில வாட்ச் கடையை உடைச்சாங்க முதீர். அதே கம்பெனி வாட்ச். பெட்டி இல்ல, பில் இல்ல, விலைச்சீட்டைப் பிச்சு எறிஞ்சிருக்கான். சட்டைக்குள்ள ஒளிச்சுக் கப்பல் ஏறப் பாத்தான். கலாஸ், கேஸ் முடிஞ்சுது."

திருட்டு என்று முடிவானால் ஜெயில். அப்புறம் விசா கேன்சல்.

மாரிமுத்துவுக்குத் தமிழ் மட்டும்தான். "என்னடா சொல்றான்?"

"உனக்கு மாமியார் வீடு இங்கயே பாத்துட்டாங்களாம்."

"விளையாடாதடா, கப்பல் போயிரும்டா" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

முதீர் என்னைப் பார்த்தார். "பேசு."

யார் யாருக்கோ வாய் கிழியப் பேசியவன் அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே சொதப்பினேன். "முதீர், இதுல ஒரு வாட்ச் கூட இவனோடது இல்ல" என்றேன்.

"பாத்தீங்களா! அவனே சொல்லிட்டான்!" என்று துள்ளினார் சார்ஜென்ட்.

"அவசரப்படாதீங்க பாய். எல்லாம் எங்க கேம்ப்காரங்க குடுத்தது. ஒருத்தன் ஊருக்குப் போனா எல்லார் வீட்டுச் சாமானும் அவன்தான் சுமக்கணும்."

"பில் எங்க?" என்றார் முதீர்.

இங்கேதான் வம்பு. பில்லும் பெட்டியும் இருந்தால் புதுச் சாமான் என்று பம்பாய் கஸ்டம்ஸில் வரி போடுவார்கள். கையில் கட்டியிருந்தால் சொந்தச் சாமான் என்று வாதாடலாம். நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அதைப் போலீஸ் தலைவரிடமா சொல்வது? வேறு வழியில்லாமல் சொன்னேன்.

"அப்ப கஸ்டம்ஸை ஏமாத்தத்தான் பில்லைக் கிழிச்சீங்க."

"ஆமா முதீர்."

"அது குத்தம்."

"பம்பாய்ல, முதீர்."

அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். "சரி. என் அதிகாரம் கரையோட முடியுது. பம்பாய்க்காரன் பாத்துக்கட்டும். கடையை உடைச்சவன் இவனா, எனக்கு அது தெரிஞ்சாப் போதும்."

வாட்ச்சுகளைக் கழற்றி மேஜையில் வரிசையாக வைத்துக் குனிந்தார். பிறகு கேட்டார்: "சார்ஜென்ட், மணி என்ன?"

"பத்தரை."

"இதுல முக்காவாசி பன்னிரண்டை ஒட்டிக் காட்டுது."

"இவன் ஊர் நேரம் முதீர். போறதுக்காக மாத்தி வச்சிருக்கான்" என்றார் சார்ஜென்ட்.

"ஒரே ஆள் ஒரே நேரத்துல மாத்தினா எல்லாம் ஒண்ணா ஓடணும். இது முந்துது, இது பிந்துது. எதுவும் எதோடயும் ஒத்துப்போகல." என் பக்கம் திரும்பினார். "ஏன்?"

சொன்னேன். எங்கள் கேம்ப்பில் வீட்டுக்கு வாட்ச் வாங்குகிறவன் அன்றைக்கே அதில் ஊர் நேரம் வைத்துவிடுவான். தலையணைக்கு அடியில் வைத்துத் தினமும் சாவி கொடுப்பான். வேலைக்குக் கிளம்பும்போது எடுத்துப் பார்த்து, "இந்நேரம் பய பள்ளிக்கூடம் போயிருப்பான்" என்பான். ஊருக்குப் போகிற ஆள் கிடைக்கும்வரை இப்படியே மாசக்கணக்கில் ஓடும்.

முதீர் சார்ஜென்ட்டிடம், "ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கை சாவி குடுத்திருக்கு. போன வாரம் திருடினவன் இப்படியா வச்சிருப்பான்? கோர்ட்டுல இதைக் கேட்டா என்ன பதில் சொல்லுவே?" என்றார்.

சார்ஜென்ட் திடீரென்று மேஜையிலிருந்து ஒன்றைத் தூக்கினார். "இது ஓடவே இல்லையே! கடையில இருந்து எடுத்த மாதிரியே இருக்கு!"

"அது யாருது?" என்றார் முதீர்.

என் தங்கச்சிக்கு வாங்கியது. வாங்கிய கையோடு மாரிமுத்துவிடம் தள்ளிவிட்டிருந்தேன். "என்னுது முதீர்."

அன்றைக்குத்தான் அவர் பல்லைப் பார்த்தேன். "வண்டியில பொய்யா மாட்டுவே. இன்னைக்கு நெஜமாவே மாட்டினே. இதை உனக்கு வித்த கடைக்காரன் வந்து சாட்சி சொல்லுறவரைக்கும் இந்த வாட்ச் இங்கயே இருக்கும். மாப்பிள்ளையைக் கப்பல் ஏத்து."

கப்பலுக்கு நேரமாகிவிட்டது. இடது கைக்கு சார்ஜென்ட், வலது கைக்கு முதீர் என்று ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து வாட்ச்சுகளைத் திரும்பக் கட்டினார்கள். நலங்குக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி மாரிமுத்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தான். நான் தொப்பி பறக்கிற வேகத்தில் ஓட்டிப்போய், ஏணியை எடுப்பதற்குள் அவனை மேலே தள்ளிவிட்டேன்.

என் வாட்சை மீட்க, நான் அதை வாங்கிய தேராவிலிருந்து கடைக்காரப் பாயை அழைத்துவர வேண்டியிருந்தது. வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். கடையை உடைத்தவனைப் பின்னால் அதே சார்ஜென்ட்தான் பிடித்தார். அந்தத் தடவை நான் என்ன பேசியும் அவர் கேஸை அசைக்க முடியவில்லை. முதீர் அவருக்குக் கை கொடுத்தார்.

தம்பிகளுக்குச் சொல்ல வருவது இதுதான். பிடித்த ஆளுக்காகவும் ஒருவனைப் பேசவிட்டுக் கேட்கிற அதிகாரி கிடைப்பது அபூர்வம். அவருக்கு வண்டி ஓட்டியதில் எனக்குப் பெருமை உண்டு. அப்படிப்பட்டவர் எல்லாத் துறைமுகத்திலும் உட்கார்ந்திருக்க மாட்டார். அதனால் பில்லைக் கிழிக்காதீர்கள்.

எழுதி முடித்ததும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாரிமுத்துவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அதுல ஒரு வாட்ச் யாரு குடுத்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலடா, என் பொண்டாட்டிதான் கட்டிக்கிட்டிருக்கா."