சாமி சொன்ன பெயரை எவனோ எடுத்துவிட்டான்

எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்க்காமல் எதுவும் நடந்ததில்லை. சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். இரண்டையும் குலசாமி காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அது சாமி உத்தரவு. என்னைக் கட்டலாமா வேண்டாமா என்பதற்கே பூப்போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெண் கேட்டு வந்தார்கள். கடைக்கு இடம், வீட்டுக்குப் போர்வெல், என் பித்தப்பைக் கல்லை எடுக்கப் பாளையங்கோட்டைக்குப் போவதா மதுரைக்குப் போவதா, எல்லாம் பூதான். அதனால் டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டியில் வைக்கிற பெயருக்கும் பூக்கட்டினோம் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

என் வீட்டுக்காரருக்குக் கோவில்பட்டி பைபாஸ் ஓரத்தில் டயர்க் கடை. நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். ஒரே மகன். படித்தது சிவில் இன்ஜினியரிங், வேலைக்குச் சேர்ந்தது பெங்களூரில் கேம் தயாரிக்கிற கம்பெனியில். அதை அவன் சொன்ன அன்றைக்கு இவர் குதித்த குதி இருக்கிறதே!

"வெளாடுததுக்கு எவம்லே சம்பளம் குடுப்பான்? எவன்கிட்டயோ ஏமாந்துட்டு வந்து நிக்க!"

"குடுக்காம்ப்பா. ஆர்டர் வந்துருக்கு, பாருங்க."

"ஆர்டராம்ல ஆர்டர்!" என்று டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டியை வயரோடு பிடுங்கிக்கொண்டுபோய்க் கடையில் பழைய லாரி டயருக்குள் போட்டுவிட்டார். மகன் சும்மா இருந்தானா? "அதையும் ரீட்ரெட் பண்ணி வித்துருங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா? இரண்டு பேருக்கும் ஒரே வாய், ஒரே வீம்பு.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மகன் தினமும் சாயங்காலம் எனக்குப் போன் போடுவான். இவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கையாலேயே கேள்வி கேட்பார். சோற்றை அள்ளி வாயில் போடுவதுபோல் காட்டினால் சாப்பிட்டானா என்று அர்த்தம். நெற்றியைத் தொட்டால் காய்ச்சல் விட்டதா. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் என்ன ஸ்பீக்கர் பெட்டியா? ஒங்க மவன்தான, நீங்களே கேளுங்களேன்."

"அவன் மொதல்ல பேசட்டும்" என்றார். மகனிடம் சொன்னால் அவனும் அதையேதான் சொன்னான். சவத்தை, என்னவும் செய்யுங்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் உள்ளுக்குள் அவர் தேய்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். மகன் பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கறி எடுக்க அவனைக் கூட்டிக்கொண்டு போனவர். இப்போது தனியாகப் போய் எலும்பாக வாங்கிக்கொண்டு வந்தார். நான் திட்டினால் திருப்பித் திட்டவில்லை. அது நல்லதுக்கில்லை என்று பயந்துவிட்டேன்.

ஒரு நாள் பேச்சுவாக்கில் மகன் சொன்னான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானமெல்லாம் நெட்டில் துப்பாக்கியால் சுடுகிற ஆட்டம் ஆடுகிறானாம், கூட ஆடுகிறவர்கள் யார் எவர் என்று தெரியாதாம், ஆனாலும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதை கதையாகப் பேசுவார்களாம். நான் அதை அப்படியே இவரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறியோடு கேம் பெட்டியும் வீட்டுக்கு வந்தது. பெட்டியைத் துடைத்துப் பவுடர் போடாத குறைதான்.

"ஏட்டி, இதுல நாமளும் பேசலாமா?"

"பேசலாம். பேரு வைக்கணும். நம்மன்னு தெரிஞ்சா அவன் ஓடிருவான், அதனால தெரியாத பேரா வைக்கணும்."

யோசித்தார், யோசித்தார், கடைசியில் கடைப் பெயரைச் சொன்னார். அதைவிடப் போஸ்டர் அடித்து ஒட்டிவிடலாம் என்றேன். அடுத்து எங்கள் ஸ்கூட்டர் நம்பர். அதற்கடுத்து மகன் பிறந்த தேதி, அதுதான் மறக்காதாம். "ஐயோ சாமி, திருடப் போறவன் ஆதார் கார்டக் காட்டிட்டா போவான்?" என்றேன். கோபத்தில் கடையில் இருக்கிற சாமான்களாக அடுக்கினார். ட்யூப்லெஸ், ஜாக்கி, பஞ்சர். அதையெல்லாம் கேட்டு எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

கடைசியில் இரண்டு பெயர் மிஞ்சின. அவருக்குக் கிங் கோப்ரா. எனக்கு நைட் ரைடர், யாரோ இளவட்டம் என்று நினைத்துக்கொள்வான், சந்தேகம் வராது. அவர் பிடித்த பிடியை விடவில்லை, நானும் விடவில்லை. இப்படி முட்டிக்கொண்டால் எங்கள் வீட்டில் போகிற இடம் ஒன்றுதான்.

குலசாமி கோயில் கழுகுமலைக்கு அந்தப் பக்கம், பருத்திக் காட்டுக்கு நடுவில், ஒரு வேம்பும் நாலு கல்லும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போனோம். பூசாரி எனக்குச் சின்ன மாமனார், இவருக்குச் சித்தப்பா. "என்னத்துக்குய்யா பூவு?" என்று கேட்டார். "புதுசா ஒண்ணுக்குப் பேரு வைக்கணும்" என்றார் இவர். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. சிவப்பு வந்தால் கிங் கோப்ரா, வெள்ளை வந்தால் நைட் ரைடர். சின்ன மாமனார் கண்ணை மூடி எடுத்தார். சிவப்பு. கிங் கோப்ரா. இவர் என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஜெயிக்காத சண்டையெல்லாம் ஜெயித்த மாதிரி இருந்தது. பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து வந்தோம்.

வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவாமல் பெட்டியைப் போட்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். சிவப்பில் ஒரு வரி வந்தது. இந்தப் பெயரை வேறொருவர் வைத்திருக்கிறார், வேறு பெயர் தேர்ந்தெடுக்கவும்.

"என்னது?"

"காலி இல்லையாம். எவனோ எடுத்துட்டானாம்."

"சாமி குடுத்த பேரட்டி!"

"அது அந்தப் பெட்டிக்குத் தெரியுமா?"

முதலில் காலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் சாமியிடம் போயிருக்க வேண்டும். ரிசர்வேஷன் பார்க்காமல் பெட்டி படுக்கையோடு ஸ்டேஷனுக்குப் போன கதை. பெயருக்குப் பின்னால் நாலு நம்பரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியே யோசனை சொன்னது. இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி கிங் கோப்ரான்னுதான் சொல்லிச்சு. நம்பர் சொல்லல." வேறு பெயர் வைத்தால் தெய்வக் குத்தம். பெயரே வைக்காவிட்டால் மகனோடு பேச முடியாது. மனுஷன் முகம் வாடிப்போய்ச் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சின்ன மாமனாருக்கே போன் போட்டேன். விஷயத்தை முழுசாகச் சொல்லாமல், சாமி சொன்ன பெயரை ஏற்கெனவே ஒருத்தர் வைத்திருக்கிறார், என்ன செய்ய என்று கேட்டேன்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய? நம்மள்ல பிள்ளைக்கு எப்படிம்மா பேரு வைக்கோம்? சாமி பேரக் காதுல மூணு தடவ சொல்லுவோம். கூப்பிடுததுக்கு வேற பேரு வச்சுக்கிடுவோம். சாமி பேரச் சொல்லியா ஒம் புருசனக் கூப்பிடுதாவ? சாமிக்குக் காதுல சொன்னாப் போதும்."

இவர் துள்ளி எழுந்தார். எழுந்தவருக்கு அடுத்த சந்தேகம், பெட்டிக்குக் காது எது? வயர் மாட்டுகிற ஓட்டையா, காற்றுப் போகிற ஓட்டையா? காற்றுப் போகிற ஓட்டைதான் பெரிது என்று முடிவானது. வேட்டியை அவிழ்த்துக் கட்டி, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து, குனிந்து மூன்று தடவை கிங் கோப்ரா, கிங் கோப்ரா, கிங் கோப்ரா என்று சொன்னார். பிள்ளை நாக்கில் வைப்பதுபோல் சீனித் தண்ணீர் தொட்டு வைக்கப் போனவரின் கையை நான்தான் பிடித்தேன். கரண்டுச் சாமான் அல்லவா!

கூப்பிடுகிற பெயரைப் பெட்டியே கொடுத்தது. ஹங்ரி பாண்டா. பசியெடுத்த பாண்டா. பாண்டா என்றால் என்ன என்று கேட்டார். மூங்கில் தின்கிற கரடி என்றேன். "கரடியா?" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் அதற்குமேல் சண்டை போட நேரமில்லை, ஆட்ட நேரம் வந்துவிட்டது. மகன் ஆடுகிற பெயர் இந்தப் பெட்டியிலேயே கிடந்தது. பாண்டா அவனுக்கு நட்பு அழைப்பு விட்டது. உடனே சேர்த்துக்கொண்டான்.

குரல் தெரிந்துவிடுமே, அதற்கு என்ன செய்தார் தெரியுமா? கடைக்குக் கோயம்புத்தூரிலிருந்து டயர் ஏஜென்ட் ஒருவர் வருவார். அவர் பேச்சை அப்படியே எடுத்துவிட்டார். "வணக்கமுங் தம்பி, நமக்குப் பொள்ளாச்சிங்." நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதன் மைக்கில் பேச, மகனின் பேச்சு டிவியிலேயே கேட்கிற மாதிரி வைத்திருந்தோம். "வாங்க பாண்டாண்ணே" என்றான். எத்தனை மாதம் கழித்து! இவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கப் போய் எந்தப் பட்டனையோ அமுக்க, பாண்டா தன் ஆட்களையே சுட்டது.

வாரா வாரம் இப்படித்தான். எங்கே நிற்க, எங்கே குனிய, எப்போது ஓட என்று மகன் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பான். "சரிங் தம்பி, சரிங் தம்பி" என்று இவர் கேட்டுக்கொள்வார். கடையில் ஒருத்தன் பேச்சைக் கேட்கிறவரா இவர்? யாத்தே, எனக்கே நம்ப முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் அணியில் இரண்டு பேர் செத்து, இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். ஒரு பாழடைந்த வீட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள். எதிரி வருகிறவரை சும்மா இருக்க வேண்டும். இவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, வூட்டுக்கெல்லாம் பேசறதுங்களா?"

"அம்மாட்ட தெனம் பேசுதேன்ணே."

"அப்பாருகிட்டங்?"

டிவியில் மகனுடைய ஆள் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"எங்கப்பா பேச மாட்டாங்கண்ணே. ஆனா நான் போன் போட்டா அம்மாவுக்குப் பக்கத்துலயேதான் அவங்களும் நிப்பாங்க. மூச்சு விடுத சத்தம் போன்ல கேக்கும். அதக் கேக்கதுக்காகவே அம்மாட்ட ஏதாச்சும் இழுத்துப் பேசிக்கிட்டே கெடப்பேன்."

நான் அழுதுவிட்டேன், ஆமாம். இவர் கையிலிருந்த கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் நம்பரைப் போட்டுவிட்டார்.

டிவிக்குள் மகனுடைய போன் அடித்தது.

"பாண்டாண்ணே, ஒரு நிமிஷம்ணே!" மகன் எழுந்ததில் நாற்காலி உருண்ட சத்தம் கேட்டது. "எங்கப்பா கூப்பிடுதாங்க. அப்பா கூப்பிட மாட்டாங்களே, என்னமோ ஆயிருச்சுபோல. நான் போறேன்ணே, நீங்க பாத்துக்கிடுங்க!"

நான் பாய்ந்து இவர் தலையிலிருந்த ஹெட்போனை வயரோடு பிடுங்கினேன். இல்லாவிட்டால் இந்தக் காதில் பொள்ளாச்சி, அந்தக் காதில் கோவில்பட்டி என்று மாட்டியிருப்பார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா! அம்மாக்கு என்னாச்சு?"

"ஒங்கம்மாக்கு என்ன, குத்துக்கல்லு மாதிரி உக்காந்துருக்கா." சொல்லிவிட்டு அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சோற்றை அள்ளி வாயில் போடுவதுபோல் கையைக் காட்டினேன். "சாப்ட்டியாலே?"

"சாப்ட்டேம்ப்பா."

"என்ன செய்யுத?"

"சும்மா வெளாண்டுகிட்டு இருந்தேன்." இழுத்தான், திட்டு வரும் என்று பார்த்தான்போல. வரவில்லை என்றதும் தைரியமாகப் பேசினான். "கூட ஒரு பொள்ளாச்சிக்காரர் இருந்தாருப்பா. பாவம், அவருக்கு ஒண்ணுமே தெரியாது. தனியா விட்டுட்டு வந்துட்டேன். இந்நேரம் செத்துப் போயிருப்பாரு."

டிவியில் நாலு பேர் கதவை உடைத்துக்கொண்டு வந்து எங்கள் பாண்டாவைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் அதைப் பார்த்தார்.

"செத்தாச் சாவட்டும்லே" என்றார். "நீ பேசு."