பின் அச்சுக்கும் மூச்சு வேணும்

என் தம்பிக்குப் பட்டறையில் ஊதி என்று பேர். எந்த வண்டி வந்தாலும் முதலில் அடியில் படுத்து, அச்சிலிருந்து மேலே போகும் காற்றுக்குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதிப் பார்ப்பான். அப்புறம் கிரீஸ் மீசையோடு எழுந்து வருவான். உதிரிபாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கர்மம்டா! கம்ப்ரஸர் எதுக்கு இருக்கு?"

"அது அடைப்பைப் பிச்சுக்கிட்டுப் போயிடும்க்கா. எவ்வளவு அடைச்சிருக்குன்னு அதுக்குச் சொல்லத் தெரியுமா? என் வாய்க்குத் தெரியும்."

வாய் நீளம். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது, அதுதான் என் எரிச்சலே.

ஃபோர் வீல் பிக்கப்பின் அச்சுக்கூட்டுக்குள் எண்ணெயும் இருக்கிறது, கொஞ்சம் காற்றும் இருக்கிறது. ஓடினால் சூட்டில் காற்று விரியும், குளிர்ந்தால் சுருங்கும். போகவர அதற்கு ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் அந்தக் குழாய். ஆற்றில் இறங்குகிற வண்டி என்றால் ஊதி அதை நீட்டி, கேபினுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுவான்.

அப்படிக் கட்டிய வண்டிகளில் ஒன்றில்தான் அவன் பெண்டாட்டி வேலைக்குப் போகிறாள். அக்கரையில் இருக்கும் சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். பாலம் கிடையாது. நிலையத்துக்குச் சொந்தமான அந்த பிக்கப்பை ஓட்டுகிறவர் அவளைப் பெற்ற அப்பா, அதாவது ஊதியின் மாமனார். நல்ல மனுஷர், பிடிவாதக்காரர்.

அந்த வண்டியின் பின் அச்சு எண்ணெய் இரண்டு முறை பால் மாதிரி வெளுத்துவிட்டது. தண்ணீர் புகுந்து பல்சக்கரம் எல்லாம் போச்சு. சுகாதாரத் துறை அதிகாரி பட்டறைக்கே வந்து கண்டிப்பாகச் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நிலையத்தை மூடிடுவோம். நர்ஸை வேற ஊருக்கு மாத்திடுவோம்." வேற ஊர் என்றால் பக்கத்தில் இல்லை. இவன் இங்கே, அவள் எங்கோ, நடுவில் நடக்கப் பழகும் ஒரு குழந்தை.

ஊதி அசரவில்லை. "குழாயை ஊதிப் பாத்தேன், சுத்தமா இருக்கு. தண்ணி புகாம அடைக்கிற ரப்பர் சீலும் புதுசு. பட்டறையில வண்டி ஒழுங்காத்தான் இருக்கு. ஆத்துல என்ன பண்ணுதுன்னு கூடவே போய்ப் பாத்துடறேன்" என்றான்.

மறுநாள் காலை அவனோடு நானும் வண்டியின் பின்பக்கம் தொற்றிக்கொண்டேன். சும்மா இருக்க முடியுமா? முன்னால் மாமா, அவர் மகள், பக்கத்தில் அதிகாரி. கரை வந்ததும் மாமா வண்டியை நிறுத்தி இறங்கினார். பின்னால் வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அந்தக் காற்றுக்குழாயின் வாயில் மாட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கிச் சுற்றினார்.

ஊதி கேட்டான்: "மாமா, இதைத் தினமும் பண்றீங்களா?"

"பின்னே? தண்ணி புகுந்துடாதா? அக்கரை போனதும் அவுத்துடுவேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவிழ்த்த பிறகு பட்டறைக்கு வருகிற குழாயை ஆயிரம் தடவை ஊதினால்தான் என்ன தெரியும்!

அதிகாரியும் இறங்கி வந்துவிட்டார். ஊதி வாதாடவில்லை. பெண்டாட்டியின் பிளாஸ்கிலிருந்து கொதிக்கிற வெந்நீரைக் காலி பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினான், கொட்டினான், உடனே மூடியை இறுக்கி ஆற்றில் அமுக்கினான். படபடவென்று பாட்டில் நசுங்கிப் போனது.

"ஓடிச் சூடான அச்சு மாமா. குளிர்ந்த தண்ணியில இறங்கினா உள்ள காத்து இப்படித்தான் சுருங்கும். அது இரும்பு, நசுங்காது. மூச்சு இழுக்க வழியில்லைன்னா சீல் வழியா ஆத்துத் தண்ணியை இழுத்துக்கும்."

மாமாவின் முகம் செத்துவிட்டது. "என் பொண்ணு போற வண்டி சார்" என்றார் அதிகாரியிடம். "ஒரு சொட்டுத் தண்ணி ஏறக் கூடாதுன்னுதான்..."

"அப்போ ரெண்டு தடவையும் நீங்கதான். சாவியைக் குடுங்க."

கொடுத்தார். அதுவரை அவரை நாலு வார்த்தை கேட்கத் துடித்துக்கொண்டிருந்த எனக்கு, சாவியை நீட்டிய அந்தக் கையைப் பார்த்ததும் அழுகை வந்தது.

"சார், சாவியை அவர்கிட்டயே குடுங்க" என்றான் ஊதி. "இந்த ஆத்துல பள்ளம் எங்கே, பாறை எங்கேன்னு அவரை மாதிரி யாருக்கும் தெரியாது. பையைக் கழட்டிட்டு அவரே ஓட்டட்டும். எண்ணெய் வெளுத்திருந்தா இவளை மாத்திடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

"டேய், பைத்தியமா உனக்கு? பெண்டாட்டியையா பணயம் வைக்கிறே!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "அப்பா, ஏறுங்க. எனக்கு நேரமாகுது."

அதிகாரி சாவியை நீட்டினார்.

தண்ணீர் சக்கரத்தை முழுசாக மூடியது. நான் கம்பியைப் பிடித்தபடி தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். ஊதி குழாய் முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தான். "இழுக்குதுக்கா, நல்லா இழுக்குது" என்று சிரித்தான்.

அக்கரையில் கொஞ்ச நேரம் வண்டியை ஆறவிட்டு, அவன் அடியில் படுத்து அடிமூடியைத் தளர்த்தி, உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெய் பிடித்துக்கொண்டு வந்தான். அதிகாரி கழுத்தை நீட்டினார். இவன் கையை மாமாவிடம் கொண்டுபோனான்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க மாமா."

மாமா விரலில் தொட்டுத் தேய்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு சார்" என்றார். அதிகாரி தலையாட்டினார்.

நிலையத்து வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறிப் பூட்டைத் திறந்தாள். உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்காமலே சத்தம் போட்டுச் சொன்னாள்: "அப்பா, சாயங்காலம் லேட் பண்ணாம வந்துடுங்க!"