வாவியில் எங்கள் தோணி

யுத்தம் முடிந்த வருடம், ஐப்பசியில் நடந்த எங்கள் கத்தோலிக்கக் கல்லூரி விழாவில், கடலோடு சேரும் வாவியில் தோணிப் போட்டி வைத்தார்கள். சுனாமியில் தங்கையை இழந்த பிறகு நான் தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. எங்கள் வகுப்புத் தோணிக்கு ஓராள் குறைந்தது. அதில் போகப் பெயர் கொடுத்திருந்த, காத்தான்குடியிலிருந்து வந்து படித்த என் தோழி என்னிடம் கையை நீட்டினாள்.

"எனக்கும் பயமாத்தான் இரிக்கி. என்ட உம்மாவையும் கடல்தானே கொண்டுபோனது. ரெண்டு பேருமா ஏறுவம், வா புள்ள."

அதுவரை நாங்கள் இதைப் பற்றிப் பேசியதேயில்லை. ஏறினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. துடுப்பு வலிக்கத் தெரியாமல் ஒரே இடத்தில் இரண்டு முறை சுற்றினோம். கரையில் எங்கள் கல்லூரி அதிபர் சிஸ்டர் குடையைக் கீழே வைத்துவிட்டு, நனைந்தபடி கைதட்டினார். கடைசியாகத்தான் வந்தோம். இறங்க மனமில்லாமல், இன்னொருதரம் போய்வருவோமா என்று கேட்டவள் நான்தான்.