வேனுக்கு ஒரு பெரிய டைனமோ

அக்காவுக்கு நுரையீரல் சுருங்கிப் போயிருந்தது. நாள் முழுக்க மூக்கில் ஒட்சிசன் குழாய் இருக்க வேண்டும். கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை செய்த அவள் மகள் ஒரு மெஷின் வாங்கி அனுப்பினாள். காற்றிலிருந்தே ஒட்சிசனைப் பிரித்துத் தரும், ஆனால் கரண்ட் இருந்தால்தான். தோட்டத்து லயத்து வீட்டில் கரண்ட் இருந்ததால் சமாளித்தோம். மாதம் ஒருமுறை டயகமவிலிருந்து நுவரெலியா கிளினிக்குக்குப் போவதுதான் பெரும்பாடு.

என்னிடம் ஹயர் ஓடும் பழைய வேன் ஒன்று இருந்தது. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டர் ஒன்றை வாங்கி சீட்டுக்கு அடியில் பூட்டினேன். மெஷின் ஓடியது. வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

முதல் பயணத்தில் அக்கரப்பத்தனை தாண்டியதுமே பனி இறங்கிவிட்டது. காலை ஒன்பது மணிக்கே ஹெட்லைட், பனி லைட், வைப்பர், கண்ணாடி தெளிய ஹீட்டர் எல்லாம் போட வேண்டியதாயிற்று. தலவாக்கலைக்கு முன்னால் மண் சரிந்து, ஒரு பக்கமாகத்தான் வாகனம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் எஞ்சினை ஓடவிட்டு நின்றோம். வைப்பர் மெதுவானது. லைட் மஞ்சளானது. இன்வேட்டர் கீச் கீச்சென்று கத்தி நின்றுபோனது. மெஷினும் அடங்கியது.

அக்கா மூக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். உதடு நிறம் மாறுவது கண்ணாடியில் தெரிந்தது. நான் எல்லா லைட்டையும் அணைத்து, வண்டியை நியூட்ரலில் போட்டு எக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்தேன். எஞ்சின் அலறியது. இரண்டு நிமிடம் இருக்கும், எனக்கு அது முடியவே இல்லை. இன்வேட்டரை மறுபடி போட்டேன், மெஷின் பிடித்துக்கொண்டது. கொடி பிடித்து நின்றவரிடம் கண்ணாடியை இறக்கி சிங்களத்தில் கத்தினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கத்தை நிறுத்தி எங்களை விட்டார்.

மறுநாளே ஹட்டனில் வாகனக் கரண்ட் வேலை பார்க்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் போனேன்.

"பெரிய பேட்டரி ஒண்ணு போட்டுத் தாங்க நானா."

"பேட்டரி என்னா தம்பி செய்யும்? தொட்டிய பெருசாக்கினா தண்ணி கூடுமா? வரவு பத்தல. எஞ்சின் சுத்துறப்ப கரண்ட் குடுக்குறது டைனமோதான்; ஒங்களோடது வண்டி மெதுவா ஓடுறப்ப லைட்டுக்கே அழுவுது. அந்த மெஷினுக்கு மட்டும் முப்பது ஆம்பியர் வேணும்."

மெதுவாக ஓடினாலும் கூடுதல் கரண்ட் தரும் பெரிய டைனமோ ஒன்றை, உடைத்து விற்ற ஒரு வேனிலிருந்து தேடிப் பிடித்தார். அது பழையதின் இடத்தில் உட்காரவில்லை. தாங்கியை வெட்டி வெல்டிங் பிடித்து, பெல்ட்டையும் மாற்றினார். அதோடு விடுவார் என்று பார்த்தால், டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயரையும் பிடுங்கிப் போட்டார்.

"அது நல்லாத்தானே இருக்கு?"

"பீலிக் குழாயில ஆத்துத் தண்ணிய விட முடியுமா? சூடாகி எரிஞ்சிரும்." விரல் தடிமனில் புது வயர் போட்டு, நடுவில் ஃபியூஸும் வைத்தார். எர்த் வயரையும் மாற்றினார். மூன்று நாள் ஆனது. நான் ஹட்டனுக்கும் லயத்துக்கும் பஸ்ஸில் அலைந்தேன். அவர் கையைக் கழுவப் போனால்கூட எனக்குக் கோபம் வந்தது.

கடைசியில் டேஷ்போர்டில் ஒரு சின்ன மீட்டர் வைத்தார். "பதிமூணு வோல்ட்டுக்குக் கீழ எறங்காத வரைக்கும் பயமில்ல."

அந்த மீட்டர்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அடுத்த கிளினிக்குக்குப் போகையில் வளைவுக்கு வளைவு அதைத்தான் பார்த்தேன். பதிமூன்று எட்டு. பதிமூன்று ஆறு. பதிமூன்று நான்கு.

"ரோட்டப் பாருடா," என்றாள் அக்கா. "மூச்சு முட்டிச் சாவறதுக்கு முந்தி பள்ளத்துல விழுந்து செத்துருவேன் போல."

பதிமூன்று மூன்றுக்குக் கீழே இறங்கவேயில்லை. கிளினிக்கில் டாக்டர் ஒட்சிசனை மூன்று லீட்டராக ஏற்றச் சொன்னார். அதற்குக் கரண்டும் கூடுதலாக வேண்டுமோ என்று வெளியே ஓடிவந்து நானாவுக்கு ஃபோன் போட்டேன்.

"மெஷின் அதேதானே? அப்ப கரண்டும் அவ்வளவுதான். போய் டீ குடிங்க தம்பி," என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது அக்கா நானுஓயாவில் வடை கேட்டாள். எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கினேன். நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்குள்ளிருந்து, போ போ என்று கையை ஆட்டினாள். கடைக்காரர் வடையைச் சுற்றியபடியே, "எஞ்சின் ஓடுதுங்களே, எண்ணெய் வீணாகுது," என்றார்.

"ஓடட்டுங்க," என்றேன்.