அத்தான் எறிந்த பந்துகள்

என் அக்காவின் கணவர் பள்ளிக்கூட நாட்களில் குவாட்டர்பேக்காக விளையாடியவர். மொன்றியல் தமிழர்களில் தான்தான் முதலாவது என்று அவரே சொல்லிக்கொள்வார், யாரும் சரிபார்த்ததில்லை. அமெரிக்கன் ஃபுட்போலில் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவன் குவாட்டர்பேக். அவன்மேல் பாய வருகிறவர்களை மறிப்பது என்னைப் போன்ற தடியன்களின் வேலை. ரொக்ஸ்பரோ பக்கத்து மைதானத்தில் அவருக்காக நான் சேற்றில் விழுந்து எழும்பினேன். நன்றி என்ற சொல் அவர் வாயில் தமிழிலும் வந்ததில்லை, பிரெஞ்சிலும் வந்ததில்லை.

அந்த இடம் அவருக்குக் கிடைத்ததே தற்செயல். வழக்கமாக எறிகிறவனுக்கு ஒருநாள் காய்ச்சல். பயிற்சியாளர் யார் எறிவீர்கள் என்று கேட்டபோது இவர் முந்திக்கொண்டு கையைத் தூக்கினார். எறி மோசமில்லை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் பந்து சரியாகப் போனால் அது அவருடைய கை. தவறினால் நாங்கள் எல்லோரும் மடையன்கள். தோற்ற ஆட்டங்களுக்குப் பிறகு உடைமாற்றும் அறையில் ஒவ்வொருவனாகப் பிடித்து ஏசிக்கொண்டு போவார்.

இரண்டாம் வருடம் லவாலில் ஓர் ஆட்டம். எதிரணிப் பெடியன் ஒருவன் என்னைத் தாண்டிப் போய் அவரை நிலத்தில் சாய்த்தான். தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வெறும் கண்டல், ஐஸ் வைத்தால் போதும் என்று டொக்டர் சொன்னார். அடுத்த பயிற்சிக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. பயந்துவிட்டார் என்பது அணி முழுவதற்கும் தெரியும். அவருடைய விளையாட்டு வாழ்க்கை அவ்வளவுதான்.

பிறகு என் அக்காவைக் கட்டினார். டேய் என்று கூப்பிட்டவனை அத்தான் என்று கூப்பிட வேண்டி வந்தது. கர்க்லாண்டில் வீடு வாங்கி, சுவாமிப் படத்தைவிடப் பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் தன் பழைய ஜேர்சியை மாட்டினார். வருகிறவர்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் தோள் முறிந்த கதையைக் கேட்டாக வேண்டும்.

"அந்தத் தோள் மட்டும் முறியாட்டி நான் இப்ப எங்கயோ இருந்திருப்பன்," என்பார்.

நான் இன்னொரு வடையை எடுத்துக் கடிப்பேன். அக்காவுக்காக.

அவர்களுடைய மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் ஃபிளாக் ஃபுட்போல் ஆடுகிறாள். இதில் ஆளை விழுத்துவதில்லை. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டியை உருவினால் போதும். அவளும் குவாட்டர்பேக்தான். சிநேகிதிகளோடு போய்ச் சேர்ந்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னாள். அத்தானோ, இரத்தத்தில் வந்தது என்று கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அவரோடும் அக்காவோடும் ஆட்டம் பார்க்கப் போனேன். எறி, எறியாதே, இடப்பக்கம் பார் என்று தொடக்கத்திலிருந்தே மைதான ஓரத்தில் நின்று கத்தினார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு அவள் எறிந்த ஒரு பந்து எதிரணிப் பிள்ளையின் கைக்குப் போய்விட்டது. அத்தான் கோட்டைத் தாண்டி உள்ளே போய், பந்தைப் பிடித்திருக்க வேண்டிய பிள்ளையைக் கைநீட்டி ஏசத் தொடங்கினார். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கியது. ஆட்டம் நின்றது.

மகள் நடந்து வந்தாள். எப்போதும் பிரெஞ்சில் பேசுகிறவள், அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, அது நான் பிழையா எறிஞ்சது. நீங்க காருக்குப் போங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பழையபடி நான் குறுக்கே விழுந்து மறிப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் கோப்பியை உறிஞ்சினேன்.

"நான் இல்லாட்டி இவளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் கோச் நிக்கிறா, அத்தான். போங்கோ," என்றேன்.

போனார். அவள் அணி தோற்றது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பீட்சா சாப்பிடப் போனார்கள்.

இந்த வருடமும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர்தான் காரோட்டி வருகிறார். மைதானத்துக்குள் வருவதில்லை, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பார்க்கிங்கிலேயே இருந்துவிடுகிறார். பெரிய ஆட்டக்காரன் பக்கத்தில் நின்றால் பிள்ளை கூச்சப்படும், அதனால்தான் ஒதுங்கி இருக்கிறேன் என்று கோயிலில் விளக்கம் சொல்கிறார். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். போன கிழமை வென்றபோது மகள் தாயைக் கட்டிப்பிடித்துத் துள்ளினாள். நாங்கள் காருக்குத் திரும்பியபோது அத்தான் வாயைத் திறந்தபடி நித்திரையாக இருந்தார்.